பூக்கட்டிப் பார்ப்பதை நேர்மையாகச் சோதிக்க முடியுமா?

வைகைத்தென்கரை

மதுரைப் பக்கம் வரன் முடிக்க, போர் போட, கடை திறக்க என்று எதற்கும் குலசாமி கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். தெரியாதவர்களுக்காக: சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம். இரண்டையும் குலுக்கி சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத சின்னப் பிள்ளையை ஒன்றை எடுக்கச் சொல்வது. எந்த நிறம் வந்தால் உத்தரவு என்று கேட்பவர் முன்னாலேயே நினைத்துக்கொள்வார்.

சாமி உண்டா இல்லையா என்ற சண்டை இங்கே வேண்டாம். "பூ சொன்னது நடக்கும்" என்ற ஒரே ஒரு பேச்சை மட்டும் நேர்மையாகச் சோதிக்க முடியுமா? எத்தனை தடவை பார்க்கணும், எதை எழுதி வைக்கணும், எந்த இடத்தில் ஏமாறுவோம்? வீட்டுப் பெரியவர்களும் "சரி, இது நியாயம்தான்" என்று ஒத்துக்கொள்கிற முறையாக வேண்டும்.

மேலமாசி

காசைச் சுண்டிப் பாருங்க. பூ வாங்குற செலவு மிச்சம்.

எண்கணக்கு

முடியும். முதலில் கேள்வியைச் சரி பண்ணுங்கள், பூவெல்லாம் பிறகு.

"இந்த வரனை முடிக்கலாமா?" என்று கேட்டு, பூ வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறோம். முடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அப்புறம் எவராலும் சொல்ல முடியாது. சரி என்று வந்து, கல்யாணம் முடிந்து, பிறகு சண்டை என்றால் "உத்தரவு கிடைச்சது, இவங்க நடந்துக்கிட்டது சரியில்ல" என்பார்கள். இரண்டிலும் பூ தோற்க வழியே இல்லை. அதனால் நாம் என்ன செய்தாலும் விடை மாறாத, ஒரு மாதத்துக்குள் தெரிந்துவிடுகிற கேள்விகளாக எடுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி விலை இன்றைக்கு இருப்பதைவிடக் கூடுமா? 15ஆம் தேதி காலை வைகை அணை நீர்மட்டம் 60 அடிக்கு மேல் இருக்குமா? இந்த மாதிரி.

பொட்டலம் கட்டுவதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுவார்கள். இரண்டுமே அரளியாக இருக்கட்டும். ஒன்று அரளி, ஒன்று மல்லி என்றால் வாசனையே காட்டிக்கொடுக்கும். காம்பு கிள்ளி, பொட்டலத்துக்கு 5 பூ, ஒரே அளவில் வெட்டிய செய்தித்தாள். வாழையிலை வேண்டாம், மடிக்கும்போது கிழிந்து நிறம் தெரியும். கட்டுகிறவர் கட்டி வைத்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். எது எது என்று தெரியாத இன்னொருவர் உள்ளே வந்து குலுக்கிப் போட வேண்டும். தெரிந்தவர் யாரும் பிள்ளையின் கண்ணில் படக் கூடாது. பிள்ளைகள் பொட்டலத்தைவிட நம் முகத்தைத்தான் அதிகம் பார்க்கும். பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கூட்டல் கழித்தல் போடுகிறது என்று ஊரே திரண்டது. 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் ஆராய்ந்து, கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரிவதில்லை என்று காட்டினார். சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலையும் உடம்பும் லேசாக அசைவதைப் பார்த்துக் குதிரை காலைத் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. ஏமாற்று வேலை எதுவும் இல்லை, கேட்பவருக்கே அது தெரியாது.

நோட்டில் பக்க எண் போட்டு, பேனாவால், பூ எடுப்பதற்கு முன்பே எழுத வேண்டியது: தேதி, கேள்வி, எது நடந்தால் "ஆம்" என்று கொள்வோம், கெடு தேதி, எந்த நிறம் "ஆம்". எடுத்த பிறகு வந்த நிறம். கெடு முடிந்ததும் நடந்தது என்ன.

20 கேள்வி போதும். சும்மா அதிர்ஷ்டத்திலேயே சராசரியாக 10 சரியாக வரும். 14 அல்லது அதற்கு மேல் வர நூற்றில் சுமார் 6 வாய்ப்பு. 15 அல்லது அதற்கு மேல் என்றால் சுமார் 2. ஆகவே 15 என்று முதலிலேயே கோடு போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் ஏழுக்கு ஆறு சரி என்று வரும்போது "போதும், தெரிஞ்சிருச்சு" என்று மூடினால் சோதனை பாழ். "மூணுக்கு ரெண்டு பார்ப்போம்" என்பதும் அப்படித்தான். விருப்பமில்லாத நிறம் வந்தால் மட்டும்தான் அந்த யோசனை வரும், கவனித்துப் பாருங்கள்.

வைகைத்தென்கரை

ஒரு சந்தேகம் அண்ணே. ஏப்ரல் வெயிலில் "நாளைக்கு மழை பெய்யுமா"ன்னு கேட்டா "இல்லை"ங்கிற பதில்தான் பெரும்பாலும் சரியா இருக்கும். அது கணக்கைக் கெடுக்காதா?

எண்கணக்கு

பூவுக்குக் கெடுக்காது. பொட்டலம் நிஜமாகவே குருட்டாம்போக்கில் வந்தால் பாதி நாள் "ஆம்", பாதி நாள் "இல்லை". மழை 10 நாளுக்கு ஒன்றாகப் பெய்தாலும் சரி, ஒன்பதாகப் பெய்தாலும் சரி, பூ பாதிதான் தேறும்.

மனுஷன் குறி சொல்லும்போதுதான் கெடுக்கும். அவர் தினமும் "இல்லை" என்று சொல்லியே பத்துக்கு ஒன்பது தேறிவிடுவார். குறிசொல்பவரைச் சோதிப்பதாக இருந்தால் ஆமும் இல்லையும் ஏறக்குறைய சமமாக வரக்கூடிய கேள்விகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.

"என்ன குழந்தை" என்று சொல்கிற ஆட்களின் கணக்கு இன்னும் எளிது. 1000 ரூபாய் வாங்கு, தப்பானால் முழுசாகத் திருப்பிக் கொடு. பாதிப் பேருக்குச் சரியாக அமையும், ஆளுக்குச் சராசரியாக 500 நிற்கும். பெருந்தன்மை என்ற பெயரும் கிடைக்கும். இன்னும் கெட்டிக்காரர் வாயால் "ஆண்" என்பார், நோட்டில் "பெண்" என்று எழுதி வைத்துக்கொள்வார். பெண் பிறந்தவர்கள் கேட்க வந்தால் நோட்டைக் காட்டுவார். ஆண் பிறந்தவர்கள் கேட்கவே வரமாட்டார்கள்.

திருவாலவாயன்

ஐயா, முறையில் குறை சொல்லவில்லை. ஆனால் பரீட்சை வைக்கும் மனத்தோடு கேட்டால் உத்தரவு வராது என்பதுதானே எங்கள் நிலை? மல்லி விலைக்கும் குலதெய்வத்துக்கும் என்ன சம்பந்தம்? வேண்டுதலோடு, விரதத்தோடு கேட்பது வேறு.

எண்கணக்கு

நல்ல ஆட்சேபம். அதையும் நோட்டில் சேர்த்துக்கொள்ளலாம். பூ எடுப்பதற்கு முன்னால் வீட்டுப் பெரியவரே "இன்றைக்கு விரதம் சரி, மனசு சரி, இது கேட்கத் தகுந்த கேள்வி" என்று சொல்லிக் கையெழுத்துப் போடட்டும். அவர் கையெழுத்துப் போட்டவை மட்டும் கணக்கு. கேள்விகளையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். கெடு தேதி மட்டும் கட்டாயம்.

நடந்த பிறகு "பக்தி இருந்தது", நடக்காத பிறகு "பக்தி பத்தலை" என்று முடிவு கட்டினால் மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எது நடந்தாலும் சரியாகவே இருக்கும் ஒரு பேச்சை வைத்துக்கொண்டு நாளைக்கு என்ன செய்வது என்று தீர்மானிக்க முடியாது.

திருவாலவாயன்

அந்த நிபந்தனை நியாயம். சோதிப்பதே பாவம் என்று சைவம் சொல்வதாக யாராவது நினைத்தால் அதுவும் பிழை. சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூல், தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்தைத் தொடங்குவதே அளவையில்தான், அதாவது ஒன்றை எப்படி அறிகிறோம் என்பதில்தான். காண்டல் (நேரில் காண்பது), கருதல் (அனுமானம்), உரை (நம்பத்தகுந்தவர் சொல்) ஆகிய மூன்றுக்குள் மற்ற அளவைகளை அடக்குகிறார் அருணந்தி சிவாசாரியார். பிற கொள்கைகளைப் பேசும் பரபக்கத்தில், கண்டதே உண்மை என்கிற உலகாயதன் முதற்கொண்டு மறுதரப்பு ஒவ்வொன்றையும், அவர்களே ஒப்புக்கொள்ளும்படி முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் மறுப்பு எழுதுகிறார். இன்றைய விவாதங்களில் அந்த ஒழுங்கைக் காணோம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். "சொந்தமாக யோசி" என்கிறவர்கள் உரை அளவையை முழுக்கத் தள்ளிவிட முடியுமா? சூரியன் எவ்வளவு தூரம் என்று உங்களில் யார் அளந்தீர்கள்? புத்தகம் சொல்கிறது, நம்புகிறீர்கள்.

எண்கணக்கு

தள்ள முடியாதுதான். மணிமேகலையில் கண்ணால் கண்டதை மட்டும் நம்புவேன், அனுமானம் செல்லாது என்கிற பூதவாதியைப் பார்த்து அவள் சிரிக்கிறாள்: உன் தாய் தந்தையரை அனுமானம் இல்லாமல் எப்படி அறிந்தாய் என்று. உரையும் அப்படித்தான், இல்லாமல் ஒரு நாள் ஓடாது. நான் பார்ப்பது இதுதான்: சொன்னவர் தப்பு என்று காட்டினால் காட்டியவருக்குப் பேரும் புகழும் கிடைக்கிற இடத்திலிருந்து அந்த உரை வருகிறதா, இல்லை, காட்டியவரை ஊரைவிட்டு ஒதுக்குகிற இடத்திலிருந்து வருகிறதா? சூரியன் தூரத்தைப் பல நாட்டார் பல வழியில் அளந்து, ஒருவர் பிழையை இன்னொருவர் பிடித்திருக்கிறார்கள். உத்தரவு தப்பாகப் போன கதைகளை எந்தக் கோயிலிலும் எழுதி வைப்பதில்லை.

மேலமாசி

இதுக்கெல்லாம் நம்ம ஊர்க்காரர் நக்கீரர் போதும். நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் குற்றம் குற்றமே. முடிஞ்சது கதை.

பேச்சிப்பள்ளம்

கதை அங்கே முடியல தம்பி. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் அதற்கடுத்த படலத்தைப் படிங்க. வெப்பம் தாங்காமல் பொற்றாமரையில் விழுகிறார், துதி பாடிய பிறகுதான் கரையேறுகிறார். அதற்கும் அடுத்த படலத்தில் அகத்தியரை வரவழைத்து நக்கீரருக்கு இலக்கணமே சொல்லிக்கொடுக்கிறார்கள். புராணம் சொல்லவருவது நீங்க சொல்வதற்கு நேர் எதிர். பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொள்வதை நம்பிக்கையாளர் செய்தாலும் தப்பு, நாம செய்தாலும் தப்பு.

மதுரையிலேயே இதைவிடச் சிக்கலான ஒன்று இருக்கிறது. சம்பந்தரோடு வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணர் கழுவேறினார்கள் என்ற கதை. அனல் வாதத்தில் ஏடு வேகவில்லை, புனல் வாதத்தில் ஏடு வைகையை எதிர்த்துப் போய்த் திருவேடகத்தில் ஒதுங்கியது என்பதும் அதோடு சேர்ந்தது. பக்தர் ஒருவர் "எல்லாம் அப்படியே நடந்தது" என்பார். கடவுள் மறுப்பாளர் "ஏடு எதிர்த்துப் போனது பொய், எண்ணாயிரம் பேரைக் கொன்றது மட்டும் உண்மை" என்பார். ரெண்டு பேருக்கும் ஆதாரம் ஒரே நூல், பெரியபுராணம்தான், அதைக் கவனிக்கணும். ஒரே சாட்சியின் வாக்குமூலத்தில் நமக்குத் தோதான வரியை மட்டும் நம்புவது எந்த அடிப்படையில்?

சரி, எப்படிப் பார்ப்பது? முதலில் காலம். சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டு. பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு. நடுவில் ஐந்நூறு வருஷம். அடுத்து, அந்த ஆளே என்ன சொல்கிறார்? சம்பந்தர் தேவாரத்தில் பதிகத்துக்குப் பதிகம் சமணரையும் பௌத்தரையும் திட்டுகிறார், வாது பற்றியும் பேசுகிறார். கழுவேற்றிய செய்தி அதில் இல்லை. பிறகு வந்த நம்பியாண்டார் நம்பியிடம் அது வருகிறது. மூன்றாவது, மண்ணில் என்ன கிடக்கிறது? கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனால் செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. அவை 9, 10ஆம் நூற்றாண்டு. சிற்பம் செய்வித்தவர் பெயர், ஆசிரியர் மாணவர் வரிசை எல்லாம் வெட்டியிருக்கிறது. பழனி பக்கம் ஐவர்மலையில் இரண்டாம் வரகுணன் காலத்துச் சமணக் கல்வெட்டு 870ஆம் ஆண்டு. 7ஆம் நூற்றாண்டில் பூண்டோடு அழிந்தவர்கள் இருநூறு வருஷம் கழித்து மதுரைக்குப் பக்கத்திலேயே பள்ளி (சமணத் துறவிகளின் மடம்) நடத்த மாட்டார்கள்.

இதிலிருந்து எதுவரைக்கும் போகலாம்? "மதுரைச் சமணம் அன்றோடு ஒழிந்தது" என்பது உடைகிறது. "எண்ணாயிரம்" என்ற எண்ணுக்கு அந்தக் காலத்துச் சான்று இல்லை. "கொலையே நடக்கவில்லை" என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு மேலே ஒரு அடி எடுத்து வைத்தால் அது நம் கட்சிப் பேச்சு. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி இதை வரலாறாக ஏற்கவில்லை என்பதையும் சிலர் கடைசி வார்த்தையாக நீட்டுவார்கள். அவரும் ஒரு உரைதான், கல்வெட்டை நீங்களே போய்ப் பாருங்கள். மலை தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது, படி ஏறிப் பார்க்கலாம். எழுத்தின்மேல் சுண்ணாம்புப்பொடி தேய்த்துப் படமெடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்து தானாகவே தெரியும்.

போர்வண்டி

பூவை விட்டுட்டுத் தேங்காய்க்கு வாங்க. நீரோட்டம் பார்க்கிறேன்னு உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வச்சு நடப்பாங்க, ஓட்டம் இருக்கிற இடத்தில் நிமிர்ந்து நிக்கும்பாங்க. கை ஒரு நூல் சாய்ஞ்சாலே உருண்டை தேங்காய் எழும்பும், பிடிச்சிருக்கிறவருக்கே தெரியாது. சோதிக்க எளிய வழி: காட்டில் அவர் சொல்ற இடத்திலெல்லாம் முளைக்குச்சி அடிச்சு அளந்து வச்சுக்கோங்க. குச்சியைப் பிடுங்கிட்டு, கண்ணைக் கட்டி, வேற முனையிலிருந்து நடக்க விடுங்க. அதே இடத்தில் தேங்காய் நிமிருதா பாருங்க. பைசா செலவில்லை.

"ஆனா தண்ணி வந்துச்சே"ன்னா, நம்ம பக்கம் கீழே பூராவும் கடினப் பாறை. மேலே சிதைஞ்ச பாறையிலும், கீழே பாறை வெடிப்பிலும்தான் தண்ணி. ஆழம் போகப் போக ஏதாவது ஒரு வெடிப்பில் கொஞ்சமாவது கசியும். 'வந்துச்சா' என்று கேட்காதீங்க. எத்தனை இஞ்ச் தண்ணி, எத்தனை அடியில், சித்திரையில் நிக்குதா என்று கேளுங்க.

இரவுப்பணி

நீங்க எல்லாரும் நிதானமா 20 கேள்வி எழுதலாம். பாம்புக்கடியில் அதுக்கு நேரமில்லை, அதனால இதை மட்டும் படிச்சுக்கோங்க.

"மந்திரிக்கிறவர், வேர் கொடுக்கிறவர்கிட்ட போய்ப் பிழைச்சவங்க நிறைய" என்று சொல்றது பொய்யில்லை. ஊருக்குள் கடிக்கிற பாம்பில் நிறைய விஷமில்லாதது. விஷப்பாம்பும் சில நேரம் விஷத்தை இறக்காமல் கடிக்கும். இந்த ரெண்டு கூட்டமும் மஞ்சத்தண்ணி குடிச்சாலும் பிழைக்கும். மீதிப் பேர்தான் தாமதத்தில் போறாங்க, அவங்க வந்து சாட்சி சொல்ல முடியாது.

கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரி, தரையில் படுத்திருக்கிறவங்களைக் கடிக்கும். வலி, வீக்கம் அநேகமா இருக்காது. காலையில் வயித்துவலி, இமை தொங்குறது, பேச்சுக் குழறல்னு ஆரம்பிச்சு மூச்சு நிக்கும். "கடிவாயே இல்ல, காத்து கருப்பு அடிச்சிருக்கு"ன்னு கோயிலுக்குத் தூக்கிட்டுப் போறது இதில்தான். கண்ணாடிவிரியன் ரத்தத்தை உறையவிடாது. அதுக்கு மருத்துவமனையில் ஒரு எளிய சோதனை: காய்ஞ்ச சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம், 20 நிமிஷம் அசைக்காமல் வச்சுச் சாய்ச்சுப் பார்ப்பாங்க. உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கு. குழாயைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாலோ பிளாஸ்டிக் குழாயாக இருந்தாலோ தப்பாகக் காட்டும். விஷமுறிவு மருந்து வழக்கமா 8 முதல் 10 குப்பியில் தொடங்கும், பிள்ளைங்களுக்கும் அதே அளவு. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் ஒரே மருந்துங்கிறதால பாம்பைத் தேடி அடிச்சுக் கொண்டுவர வேண்டாம்.

கயித்தால் இறுக்கிக் கட்டாதீங்க, கீறாதீங்க, மோதிரம் கொலுசைக் கழட்டுங்க, கடிபட்ட கால் கையை அசையாமல் வச்சு 108ஐக் கூப்பிடுங்க. திருநீறு பூசணும்னா ஆம்புலன்ஸுக்குள்ள பூசிக்கோங்க, ஒரு டாக்டரும் தடுக்கமாட்டார்.

வைகைத்தென்கரை

நன்றி அக்கா. "வந்து சாட்சி சொல்ல முடியாது"ன்னு சொன்னதும் தோணுச்சு. கோயில் மரத்தில் தொட்டில் கட்டுறதும் இந்த வகைதானா?

எண்கணக்கு

அதில் ஒரு வித்தியாசம். தொட்டிலை வேண்டும்போதே கட்டுகிறார்கள், ஆகவே மரத்தில் தேறாதவர்களின் தொட்டிலும் தொங்குகிறது. வெள்ளிக் கண்மலரும் மொட்டையும் அழகர்கோயில் கிடாவெட்டும் பெரும்பாலும் நடந்த பிறகு. அங்கே போய் எண்ணினால் நூற்றுக்கு நூறு வெற்றிதான் தெரியும்.

தொட்டிலுக்கு வேறு கணக்கு வேண்டும். தடை எதுவும் பயன்படுத்தாத தம்பதிகளில் நூற்றுக்கு 80க்கு மேல் முதல் வருஷத்துக்குள் கரு தரிக்கிறது. மீதிப் பேரில் ஏறத்தாழ பாதிக்கு அடுத்த வருஷத்துக்குள். நம் ஊரில் "ஒரு வருஷமாச்சே" என்று பேச்சு கிளம்பிய பிறகுதான் தொட்டில் கட்டப் போவார்கள். அப்படிக் கட்டிய 100 பேரில் 50 பேருக்கு எதுவும் செய்யாமலே அடுத்த ஆடிக்குள் நல்ல செய்தி வந்துவிடும். தொட்டிலுக்கு வேலை உண்டா என்று தெரிய 50ஐ விட எவ்வளவு அதிகம் என்று பார்க்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. தொட்டிலும் கட்டுங்கள், இரண்டு பேருமே பரிசோதனைக்கும் போங்கள். பெண் மட்டும் போவது வழக்கமாகிவிட்டது.

செம்பருத்தி

பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித்தர நினைக்கிறவங்களுக்கு. "மூடநம்பிக்கை ஒழிக"ன்னு தொடங்கினா வகுப்பு ரெண்டாப் பிரிஞ்சிடும், பிள்ளைங்க வீட்டை நினைச்சு வாயை மூடிக்கும். முதலில் செஞ்சு காட்டுங்க, விளக்காதீங்க.

எலுமிச்சம்பழத்தில் ரத்தம்: ஒத்தை அடுக்குச் சிவப்புச் செம்பருத்தி இதழை ஏழெட்டு எடுத்துக் கத்தியின் ரெண்டு பக்கமும் சாறு இறங்கத் தேய்ச்சு, நல்லாக் காயவிடணும். பழத்தை அறுத்தா புளிப்புப் பட்டு ரத்தச் சிவப்பா வடியும். கத்தி ஈரமா இருந்தா அறுக்கிறதுக்கு முன்னாடியே சாயம் சொட்டிக் காட்டிக்கொடுத்துடும். வாடின பூவில் நிறம் வெளிறும். அடுத்து ஆரத்தித் தண்ணி, அதாவது மஞ்சளும் சுண்ணாம்பும். இதில் காரம் பட்டுச் சிவக்குது, அதில் புளிப்புப் பட்டு. இந்த எதிர்மாறைப் பிள்ளைங்களே கண்டுபிடிக்க விடுங்க: ஒவ்வொருத்தரும் மூணு காரணம் எழுதணும், ஒவ்வொண்ணுக்கும் "இது இல்லாமல் செஞ்சா என்ன ஆகும்"னு ஒரு சோதனை எழுதணும். தேய்க்காத கத்தி ஒண்ணு, எலுமிச்சைக்குப் பதில் வெள்ளரிக்காய் ஒண்ணு கட்டாயம் வேணும்.

வெறுங்கையில் திருநீறு வர்றது: சாம்பலைக் கெட்டியான சோத்துக் கஞ்சியில் பிசைஞ்சு சுண்டைக்காய் அளவு உருட்டி நிழலில் காய வச்சு, கட்டைவிரல் இடுக்கில் ஒளிச்சு வச்சுக்கிட்டு நசுக்குறது. கஞ்சி அதிகமாப் போனா நசுங்காது, குறைஞ்சா எடுக்கும்போதே உதிரும்.

ஒரே மதத்தைப் பிடிச்சுக்கிட்டுப் பேசாதீங்க. 1995 செப்டம்பர் 21 அன்னைக்குப் பிள்ளையார் பால் குடிச்சதைச் சொன்னா, 2012இல் மும்பையில் சிலுவையிலிருந்து சொட்டின தண்ணியையும் சொல்லுங்க. அங்கே அடியில் சாக்கடை அடைச்சு, ஈரம் சுவரிலும் மரத்திலும் ஏறியிருக்குன்னு பகுத்தறிவாளர் சனல் இடமறுகு காட்டினார், அவர்மேலே வழக்குத்தான் பாய்ஞ்சது. பெற்றோர் கேள்வி கேட்டா அரசியலமைப்பு 51ஏ பிரிவைக் காட்டலாம். அறிவியல் மனப்பான்மை வளர்ப்பது குடிமகன் கடமைன்னு அதில் இருக்கு, 1976இல் சேர்த்தது. 25ஆம் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் பக்கத்திலேயே எழுதிப் போடுங்க. கும்பிடுற பிள்ளையைக் கேலி பண்ண யாருக்கும் உரிமை இல்லைன்னு அப்பத்தான் ரெண்டு பக்கமும் புரியும்.

மேலமாசி

அந்தத் தானா யாகத்தீ பத்துற வித்தை? பெர்மாங்கனேட்டும் கிளிசரினும்?

செம்பருத்தி

வகுப்பறைக்குள் வேண்டாம். பெர்மாங்கனேட் தூளாக இருந்தா சில நொடியிலேயே பிடிக்கும், கட்டியா இருந்தா நிமிஷம் தாண்டும், குளிர் நாளில் இன்னும் தாமதம். எப்பப் பிடிக்கும்னு தெரியாததுதான் ஆபத்து. பத்தலையேன்னு குனிஞ்சு பார்க்கிற நேரத்தில் முகத்தில் அடிக்கும். காட்டியே ஆகணும்னா திறந்த மைதானம், மணல் பரப்பின ஓடு, கால் ஸ்பூன் தூள், நாலஞ்சு சொட்டு, பிள்ளைங்க பத்தடி தள்ளி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணி. மிச்ச கிளிசரின் புட்டியை அதே மேசையில் வைக்கக் கூடாது.